குடிபுகும் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது

“எல்லாம் செய்யத் தெரிஞ்சவளுக்கு என்னத்தைக் கொண்டுபோய்க் குடுக்கறதுங்க, தாயே?”

பூவாத்தாள் கேட்டபோது மடத்துத் தாய் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“யாருங்க அது, எல்லாம் செய்யத் தெரிஞ்சவங்க?”

“நல்லாத்தாள். என் சிநேகிதி. கரட்டுக் குன்று மேல தனியா இருக்கறாளே, அவதான்.”

“என்ன விசேஷம்?”

“வீடு கட்டியிருக்கறா. அவளே மண்ணு குழைச்சு, அவளே சுவரெடுத்து, அவளே கூரை வேய்ஞ்சு. நாளைக்குக் குடி போறா.”

ஓடைக்கரையில் வாகை மரத்தடியில் இருந்தது அந்த மடம். மடம் என்றால் ஒரு கூரை, ஒரு கிணறு, ஒரு மாடு. தாய்க்கு நாற்பது வயதுகூட இராது. பூவாத்தாள் பேரன் பேத்தி எடுத்தவள். ஆனாலும் இவள் அவளைத் ‘தாயே’ என்பாள். அவள் இவளை ‘அக்கா’ என்பாள். அதில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் தோன்றியதில்லை.

பூவாத்தாள் கையிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்துத் தரையில் விரித்தாள்.

“சந்தையில என் கைக்கு எட்டினது இவ்வளவுதானுங்க. இதுல எது நல்லதுன்னு நீங்க சொல்லோணும்.”

தாய் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாள்.

“அருவா தீட்டற கல்லுங்க. ஆனா அவ ஓடைக்கல்லுலயே தீட்டித் தீட்டி, தொட்டா ரத்தம் வர்ற மாதிரி வச்சிருப்பா.”

கல்லை வைத்துவிட்டுச் சல்லடையை எடுத்தாள்.

“மூங்கில்ல அவளே பின்னுவாளுங்க. இதைவிட நெருக்கமா இருக்கும்.”

கயிறு.

“கத்தாழை நாருல அவ திரிக்கற கயித்துக்கு இது உறை போடக் காணாதுங்க.”

கடைசியாக ஒரு சின்னப் பொட்டலம். புடலை விதை.

நல்லாத்தாளிடம் இல்லாத விதையா?

“அப்புறம் எதுக்கு வாங்குனீங்க?”

“வெறுங்கையோட எப்படிங்க போறது?”

தாய் மறுபடி மொச்சையை எடுத்தாள்.

“இதுக்கு முந்தி என்ன கொண்டுபோனீங்க?”

“போன தை மாசம் ஒரு கம்பளி. அதுக்கு முந்தி ஒரு செப்புக்குடம். அதுக்கும் முந்தி...” யோசித்தாள். “மாட்டுக்கு வெண்கல மணி.”

“அவங்க உங்களுக்கு என்ன குடுத்தாங்க?”

பூவாத்தாள் சல்லடையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

தாய் காத்திருந்தாள். ஒரு நெற்று வெடித்து ஒரு மொச்சை முறத்துக்கு வெளியே ஓடியது. அதை யாரும் எடுக்கவில்லை.

“நான் அவகிட்ட ஒண்ணும் வாங்கிக்கறதில்லைங்க, தாயே.”

“ஏன்?”

“உங்களுக்குத் தெரியாததாங்க?”

அந்தப் பக்கத்தில் அது தெரியாதவர்கள் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நல்லாத்தாள் சோளக் காட்டில் அறுப்பு நடந்தது. அறுத்தவர்களுக்கெல்லாம் அவள் கையாலேயே ஆக்கிப் போட்டாள். களி, கீரை, அதோடு கரட்டில் தோண்டியெடுத்த கவலைக்கிழங்கு, வேகவைத்து உப்பும் மிளகும் போட்டு. எல்லாரும் தின்றார்கள். மாரப்பன் என்பவனும் தின்றான். இன்னும் ரெண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றான். மறுநாள் விடியும்போது அவன் எழுந்திருக்கவில்லை.

மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பாம்பாக இருக்கும் என்றார்கள் சிலர். தூங்குகிறவனைக் கடித்தால் பல் பட்ட தடம்கூடத் தெரியாத பாம்பு உண்டு. கிழங்குதான் என்றார்கள் பலர். கவலைக் கொடியைப் போலவே இன்னொரு கொடி இருக்கிறது, அதன் கிழங்கு நஞ்சு, ஒன்றோடு ஒன்று கலந்து தோண்டியிருப்பாள் என்றார்கள்.

எது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் அது அடங்கவில்லை.

அன்றிலிருந்து நல்லாத்தாள் வீட்டில் யாரும் பச்சைத்தண்ணீர் தொட்டதில்லை. அவள் மோர் விற்க வந்தால் தெருவில் கதவு சாத்தினார்கள். பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள். உப்புக்குக்கூட மலைக்கு அந்தப் பக்கம் போய்வந்தாள்.

பூவாத்தாள் மட்டும் சிநேகிதியை விடவில்லை. விசேஷத்துக்கு விசேஷம் மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போகும்போது வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போவாள். கை நிறையக் கொண்டுபோவாள்.

“இப்பத்தான் சாப்பிட்டேன், நல்லாத்தா” என்பாள்.

“அப்படியா” என்பாள் நல்லாத்தாள். வற்புறுத்தியதே இல்லை.

தாய் கல், சல்லடை, கயிறு, விதை எல்லாவற்றையும் துணிக்குள் வைத்து முடிந்தாள். முடிந்து, தனக்குப் பின்னால் சுவரோரம் தள்ளி வைத்தாள்.

“இது இங்கயே இருக்கட்டும்.”

“வெறுங்கையோடவா போகச் சொல்றீங்க?”

“வெறுங்கையோட போங்க.” பிறகு சொன்னாள்: “போறதுக்கு முந்தி ஒண்ணும் சாப்பிடாதீங்க.”

எதற்கென்று பூவாத்தாளுக்குப் புரிந்துவிட்டது.

“தாயே...”

“இன்னைக்கு ராத்திரியும் வேண்டாம்.”

“தாயே, அது கிழங்காலதான் ஆச்சுங்களா? நீங்க சொன்னா நம்பறேன். உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?”

“எனக்குத் தெரியாது, அக்கா.”

ஒன்றும் ஆகாது, போய்வாருங்கள் என்று தாய் சொல்வாள் என்றுதான் நினைத்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் எத்தனை லேசாக இருந்திருக்கும். பூவாத்தாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் ஒன்றையும் மறைப்பதாகத் தெரியவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. அதுதான் பூவாத்தாளை உலுக்கியது.

“போகலைன்னா?”

“போகாட்டிப் போங்க. மூட்டையை எடுத்துட்டுப் போயிருங்க.”

பூவாத்தாள் முறத்துக்கு வெளியே ஓடிய மொச்சையை எடுத்து உள்ளே போட்டாள்.

மூட்டையை எடுக்காமலே எழுந்து போனாள்.

*

காலையில் மகன் செம்பன் கம்மங்கூழைக் கரைத்துச் சொம்பில் நீட்டினான்.

“வேண்டாம்.”

“எங்க கிளம்பிட்டே?”

“நல்லாத்தா குடி போறா.”

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

“அப்படின்னா குடிச்சிட்டுப் போ.”

“வேண்டாம்ப்பா.”

“அம்மா, அங்க போய்...” அவனால் முடிக்க முடியவில்லை. “அங்க போய் ஒண்ணையும் தொடாதே.”

அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

கரட்டுக்குப் போகிற தடம் மாரப்பன் வீட்டு வாசலைத் தொட்டுத்தான் போகும். அந்த இடம் வந்ததும் எப்போதும் நடையை எட்டிப் போடுவாள். இன்றைக்கும் எட்டிப் போட்டாள்.

“எங்கீங்க இந்நேரத்துல?”

மாரப்பன் பெண்சாதி வெள்ளையம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“மேலதான்.”

“அவ குடி போறான்னாங்க.”

“ஆமா.”

வெள்ளையம்மாள் கைச் சாணியைக் கழுவினாள். பூவாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைகளைப் பார்த்தாள். கையில் ஒன்றுமில்லை.

“சாப்பிட்டீங்களா?”

பூவாத்தாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“இல்லை.”

வெள்ளையம்மாள் உள்ளே போனாள். ஒரு வட்டிலில் பழைய சோறும் ஒரு கடி வெங்காயமும் கொண்டுவந்து நீட்டினாள். கோபமாக நீட்டவில்லை. நடுங்காமல், அமைதியாக, ஒரு நோயாளிக்கு நீட்டுவதுபோல நீட்டினாள்.

“ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்க.”

“வேண்டாங்க.”

“எங்க வீட்டுக்காரரும் பசியோடதான் போனார்.”

வெங்காய வாசம் மூக்கில் ஏறியது. வாயில் நீர் ஊறியது. ஒரே ஒரு கவளம். அப்புறம் மேலே போய் ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ என்று சொன்னால் அது பொய்யாகவும் இராது.

பூவாத்தாளின் கை தானாக எழுந்து வட்டில் வரைக்கும் போயிற்று.

அதை அவளே பார்த்தாள். இழுத்துக்கொண்டாள்.

“வர்றேனுங்க” என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வெகுதூரம் வரைக்கும் முதுகில் வெள்ளையம்மாளின் பார்வை இருந்தது.

*

ஏற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டே வந்தது.

பசி என்பது முதலில் வயிற்றில்தான் இருந்தது. பிறகு காலுக்கு இறங்கிற்று. பிறகு காதுக்குள் ஏறி வண்டுபோல ரீங்கரித்தது. பயம் எங்கே முடிகிறது, பசி எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

தடத்தின் ஓரத்தில் ஒரு கொடி புதர்மேல் சுற்றிப் படர்ந்திருந்தது. கவலைக் கொடிபோல இருந்தது. அதுவா, மற்றதா? நின்று பார்த்தாள். இலையைப் பார்த்தாள். தண்டைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க இரண்டாகவும் தெரிந்தது.

திரும்பிப் போய்விடலாம்.

காய்ச்சல் என்று சொல்லலாம். நல்லாத்தாள் ‘அப்படியா’ என்பாள். அவள் வேறு ஒன்றும் சொல்லமாட்டாள்.

மறுபடி ஏறினாள்.

*

வீடு அழகாக இருந்தது.

செம்மண் சுவர், கையால் தேய்த்துத் தேய்த்து மெழுகியது. விரல் தடம் தெரியாத வழவழப்பு. மேலே புல்கூரை, ஓரத்தைக் கத்தரித்து நேராக்கியிருந்தாள். வாசலில் கோலம். அந்தக் கோலத்தில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. காலையிலிருந்து அதை யாரும் மிதிக்கவில்லை.

நல்லாத்தாள் வெளியே வந்தாள். புதுச் சீலை கட்டியிருந்தாள். இளைத்திருந்தாள்.

“வந்துட்டியா.” கையைப் பார்த்துச் சிரித்தாள். “என்னடி, வெறுங்கை வீசிட்டு வந்திருக்கே? இந்தத் தடவை யானை கீனை பின்னால வருதா?”

“ஒண்ணும் வரலை. நான்தான் வந்தேன்.”

“அது போதும். வா, வந்து வீட்டைப் பாரு.”

பூவாத்தாளை அழைத்தபோதும் அவள் இதையேதான் சொல்லியிருந்தாள். வந்து வீட்டைப் பாரு. சாப்பிட வா என்று அவள் அழைக்கவில்லை.

காட்டினாள். மழைத்தண்ணீர் தொட்டிக்கு வருகிற மூங்கில் குழாய். சோளம் போட்டு வைக்கிற மண் குதிர். புகை உள்ளே தங்காமல் மேலே போகிற அடுப்பு. பூவந்திக்கொட்டை நுரையில் வெளுத்த துணி. சுரைக்குடுக்கைகளில் விதைகள். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டும்போது நல்லாத்தாளின் முகத்தில் பழைய பெண்பிள்ளை ஒருத்தி வந்து வந்து போனாள். ஓடையில் அணை கட்டி விளையாடியவள்.

அடுப்பில் ஒரு சின்னச் சட்டியில் பால். பக்கத்தில் மூடிபோட்ட ஒரு பானை. மூடியின் இடுக்கில் ஆவி வந்தது. அந்த வாசனையைப் பூவாத்தாளுக்குத் தெரியும். கிழங்கு.

“பால் காய்ச்சினேன்” என்றாள் நல்லாத்தாள். “சாமிக்கு.”

பிறகு, எப்போதும் பூவாத்தாள் சொல்வதை அவளே முந்திக்கொண்டு சொன்னாள்:

“நீ சாப்பிட்டுட்டுத்தான் வந்திருப்பே.”

“இல்லை.”

நல்லாத்தாள் திரும்பினாள்.

“வழியில ஏதாச்சும்...”

“இல்லை. நேத்து ராத்திரியும் இல்லை.”

“ஏன்? உடம்புக்கு என்ன?”

“பசிக்குது, நல்லாத்தா. இங்க சாப்பிடலாம்னு வந்தேன்.”

நல்லாத்தாளின் முகம் மலரும் என்று பூவாத்தாள் நினைத்திருந்தாள். வழியெல்லாம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏறிவந்தாள்.

அந்த முகம் வெளிறிப்போயிற்று.

“இங்க ஒண்ணும் இல்லை.”

“அந்தப் பானையில?”

“அது எனக்கு.” நல்லாத்தாள் நகர்ந்து அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டாள். “நீ போ, பூவா. இப்ப இறங்கினா மதியத்துக்குள்ள வீட்டுக்குப் போயிருவே.”

“போறதுக்கா வந்தேன்?”

“போங்கறேன்.”

குரல் கிறீச்சிட்டது. முற்றத்துக் கோழி ஒன்று பயந்து ஓடிற்று.

நல்லாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

“தோண்டுற கிழங்கை முதல்ல கோழிக்குத்தான் போடறேன்” என்றாள். “அது ஒரு பகல் முழுக்க நடமாடினா, அப்புறம் நான் தின்பேன். மூணு வருஷமா இப்படித்தான், அப்பவும் எனக்கு நம்பிக்கை வர்றதில்லை. உன்னைக் கோழி ஆக்கச் சொல்றியா?”

பூவாத்தாளும் கீழே உட்கார்ந்தாள்.

“அந்தக் கொடி வலமாச் சுத்தும். நஞ்சு இடமாச் சுத்தும். எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும். அன்னைக்கும் பார்த்துத்தான் தோண்டினேன். பார்த்தேன்னுதான் நினைக்கறேன்.” உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். “நினைக்கறேன். அவ்வளவுதான் பூவா. சத்தியம் பண்ணச் சொன்னா எனக்கு முடியாது.”

“பாம்பா இருக்கும்னாங்களே.”

“இருக்கும். இல்லாமயும் இருக்கும்.”

“அப்புறம் ஏன் இன்னும் அதையே தோண்டிட்டு இருக்கறே?”

“எனக்கு இதுதான் பிடிச்சிருக்குது. மண்ணுல இருந்து ஒண்ணை எடுத்து வேகவெச்சு...” நிறுத்தினாள். “வேற என்ன எனக்குத் தெரியும்?”

வெளியே மாடு ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது.

“வேணும்னா பாலைக் குடி” என்றாள் நல்லாத்தாள். “பாலுல ஒண்ணும் இருக்காது. மாடு நம்ம கண்ணு முன்னாலயே நிக்குது. பாலைக் குடிச்சிட்டுப் போ.”

பூவாத்தாளுக்கு அப்பாடா என்றிருந்தது. பால். குடிபோன வீட்டில் பால்தானே முறை. பாலைக் குடித்தாலே இந்த வீட்டில் கை நனைத்ததாகிவிடும். தாயும் ஒன்றும் சொல்லமாட்டாள். நல்லாத்தாள் அடுப்பிலிருந்து எடுத்து நீட்டிய சட்டியை வாங்கினாள். உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

நல்லாத்தாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அப்படியா’ என்று சொல்லும்போது பார்ப்பாளே, அந்தப் பக்கம்.

பூவாத்தாள் பாலைக் குடித்தாள். சட்டியைக் கீழே வைத்தாள்.

“கிழங்கும் போடு.”

நல்லாத்தாள் அசையவில்லை.

பூவாத்தாளே எழுந்து போனாள். மூடியை எடுத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கை ஆடிய ஆட்டத்தில் மூடி பானைமேல் பட்டுப் பட்டுச் சத்தம் வந்தது. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது. ஒரு தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நல்லாத்தாளின் எதிரே உட்கார்ந்தாள்.

“உனக்குப் பயமா இல்லையா?” என்றாள் நல்லாத்தாள்.

“கையைப் பாரு.”

நல்லாத்தாள் பார்த்தாள். பிறகு சட்டென்று தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். பூவாத்தாளும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மாவாக இருந்தது. இனித்தது. ஆனால் மென்றதையே மென்றுகொண்டிருந்தாள். மகன் முகம் வந்தது. நீட்டிய வட்டில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

இரண்டாவது துண்டு.

மூன்றாவது துண்டின் ஓரத்தில் கசந்தது.

மெல்லுவதை நிறுத்தினாள்.

நல்லாத்தாளும் நிறுத்தினாள். அவள் பூவாத்தாளின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கசக்குதா?”

நாக்கு மரத்துப்போனாற்போல இருந்தது. நிஜமாகவே மரத்ததா, அப்படித் தோன்றியதா? துப்பிவிடலாம். இப்போதே துப்பிவிடலாம். நல்லாத்தாள் கையை அவள் வாய்க்கருகே ஏந்திக்கொண்டு வந்தாள், குழந்தையிடம் ஏந்துவதுபோல.

“துப்பிரு பூவா.”

பூவாத்தாள் விழுங்கினாள்.

“தோலு கொஞ்சம் கருகியிருக்குது” என்றாள்.

அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது.

“மிளகு பத்தலை” என்றாள் அப்புறம்.

நல்லாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அம்மியில் மிளகை நுணுக்கினாள். கொண்டுவந்து தூவினாள்.

தட்டு காலியாயிற்று. பூவாத்தாளுக்கு இன்னும் பசித்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இன்னும் ரெண்டு போடு.”

மாரப்பனும் இப்படித்தான் கேட்டான். கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் அது நினைவு வந்தது.

நல்லாத்தாள் போட்டாள்.

*

“ராத்திரி இங்கயே படுத்துக்கோ.”

“மடத்துக்குப் போகோணும்.”

“நான் உன் பக்கத்துலயே உக்காந்திருக்கறேன். உன்னைப் பார்த்துட்டே இருக்கறேன்.”

“அதுக்குத்தான் போறேன்” என்றாள் பூவாத்தாள். “நீ பார்த்துட்டே இருந்தா எனக்குத் தூக்கம் வராது.”

நல்லாத்தாள் கரட்டு விளிம்பு வரைக்கும் கூடவே வந்தாள். அதற்குமேல் அவள் வருவதில்லை. பூவாத்தாள் இறங்கி இறங்கித் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு முறைகூடக் கையசைக்கவில்லை.

பாதி இறக்கத்தில் வயிற்றைப் பிடித்தது.

நின்றாள். ஒரு பாறையைப் பற்றிக்கொண்டாள். வியர்த்தது. வெயிலாலா? வயிறு முறுக்கியது, விட்டது, மறுபடி முறுக்கியது. பட்டினி கிடந்த வயிற்றில் கிழங்கு விழுந்தால் யாருக்கும் இப்படித்தான் செய்யும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை.

மாரப்பன் வீட்டுத் தடத்தை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

மடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேனுங்க.”

தாய் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தாள். பூவாத்தாள் அதில் சுருண்டு படுத்தாள்.

“தாயே, வயித்தை என்னமோ பண்ணுது.”

“ம்.”

“கடைசியில ஒரு துண்டு கசந்துச்சுங்க. துப்பியிருக்கலாம். துப்பலை.”

“ம்.”

“ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க தாயே.”

தாய் சொல்லவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பூவாத்தாளின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சில்லிட்டிருந்த பாதம்.

“பயமா இருக்குதா, அக்கா?”

“இருக்குதுங்க.”

“எனக்கும்தான்.”

அந்தக் கை நடுங்கியதைப் பூவாத்தாள் பாதத்தில் உணர்ந்தாள். அது ஏனோ கொஞ்சம் இதமாக இருந்தது. எப்போது கண் அயர்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

*

மயில் அகவிற்று.

பூவாத்தாள் கண்ணைத் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருந்தது. முதலில் ஒரு விரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. நாக்கைப் புரட்டிப் பார்த்தாள். புரண்டது. பிறகு கண்ணைத் திறந்தாள். கூரை இருந்தது. கூரையின் ஓட்டை வழியே வெளிச்சம் இருந்தது.

தாய் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாதம் இன்னும் அவள் மடியில்.

பூவாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. பெரிதாக எதுவும் வரவில்லை.

“பசிக்குதுங்க, தாயே.”

தாய் சிரித்தாள். எழுந்து, மரத்த கால்களை உதறிக்கொண்டு வெளியே போனாள்.

அப்போது யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. வெறுங்கால். ஓடைக்கல்லில் ஒருமுறை சறுக்கி, விழுந்து, எழுந்து, மறுபடி ஓடிவந்தது அந்தச் சத்தம். படலைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூச்சு வாங்கியது.

பூவாத்தாளுக்கு அந்த மூச்சைத் தெரியும். ஓடைக்கரையில் அந்த மூச்சோடு ஓடியே வளர்ந்தவள் இவள். ஆனால் மூன்று வருஷமாக அந்த மூச்சு ஊருக்குள் கேட்டதில்லை.

“அவ...” நல்லாத்தாளின் குரல். “அவ எந்திரிச்சாளா?”

“பசிக்குதுன்னு உக்காந்திருக்கறாங்க” என்றாள் தாய்.

நல்லாத்தாளின் பாரம் முழுதும் படல்மேல் சாய்ந்த சத்தம் கேட்டது.

பிறகு தாய் கேட்டாள்:

“நானும் நேத்திலிருந்து ஒண்ணும் சாப்பிடலை. ஏதாச்சும் கொண்டுவந்தீங்களா?”

நல்லாத்தாள் குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்ப்பது படலின் இடுக்கில் பூவாத்தாளுக்குத் தெரிந்தது. முழங்கையில் விழுந்த காயம். விரல்களில் புது வீட்டுச் செம்மண். வேறொன்றும் இல்லை.

அவள் அந்தக் கைகளைச் சீலையில் மெல்லத் துடைத்துக்கொண்டாள்.

“அடுப்பு எந்தப் பக்கங்க?” என்றாள்.